ஈசான்ய மூலை கீழே இறங்கிய வருஷம்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் மண் சரிய ஆரம்பித்தபோது அதைப் பார்த்து மனதாரச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் வாஸ்து பண்டிதர்தான். காம்பவுண்டு சுவர் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. துணி துவைக்கிற கல் ஒரு முழம் கீழே போயிருக்கிறது. தரையில் பிறை மாதிரி வளைந்து ஒரு விரிசல், அதில் என் கை முழங்கை வரைக்கும் உள்ளே போகிறது. பண்டிதர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு என் மனைவியிடம், "அம்மா, ஈசான்யம் தாழ்ந்து கொடுத்திருக்கு. ரொம்ப விசேஷம். இந்த அமைப்பு லட்சத்துல ஒரு வீட்டுக்குத்தான் கிடைக்கும்" என்றார்.

"லட்சத்துல ஒரு வீடுதான் பள்ளத்துல விழும், அதைச் சொல்றாரு" என்றேன் நான்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மனைவி.

சும்மா இருந்திருந்தால் நான் இன்னும் திருப்பத்தூர் பக்கத்தில் யாருக்கோ மாடு ஓட்டிக்கொண்டிருப்பேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்காகப் பள்ளிக்கூடம் அழுததாகத் தகவல் இல்லை. பெங்களூருக்கு வந்து சிவாஜிநகரில் ஒரு பஞ்சர் கடையில் லாரி டயர் கழற்றினேன். கொஞ்ச காலத்தில் அந்தக் கடை என்னுடையது. அப்புறம் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை வைத்தேன். ஓசூர் ரோட்டில் லாரிகள் என்னை நம்பித்தான் பிரேக் பிடித்தன. பட்டம் வாங்கியவர்கள் எனக்குக் கணக்கு எழுத வந்தார்கள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதுவும் அழகாகப் போடுவேன்.

வீடு கட்ட இடம் பார்த்ததும் என் திறமைதான். தொம்மலூரைத் தாண்டி, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு பழைய குவாரியின் விளிம்பில் அந்த மனை இருந்தது. எனக்கு முன்னால் பார்க்க வந்த படித்தவர்களெல்லாம் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினார்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கச் சொன்னேன். விற்றவனும் லேசுப்பட்டவன் இல்லை. மனை சதுரமாக இருக்க வேண்டும் என்று விளிம்பு நெடுக இடிந்த கட்டடத்துச் செங்கல், மண், குப்பை எல்லாவற்றையும் கொட்டி மட்டம் செய்து, மேலே ரோஜாச் செடி நட்டு வைத்திருந்தான். ரோஜாவைப் பார்த்த பிறகு கீழே என்ன இருக்கிறது என்று யார் தோண்டிப் பார்ப்பார்கள்?

தொண்ணூறுகளில் பெங்களூரை வாஸ்து பிடித்து ஆட்டியது. புது வீட்டின் சமையலறையைப் பெயர்த்து வேறு மூலையில் வைத்தவர்கள் உண்டு, வாசலை அடைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏறிப் போகாத குறை. ஆனால் ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமை: தரைக்கு அடியில் தண்ணீர் சேமிக்கிற தொட்டி, அதாவது சம்ப், வடகிழக்கில், அதாவது ஈசான்ய மூலையில்தான் இருக்க வேண்டும். எங்கள் மனையில் ஈசான்ய மூலை எங்கே வரும்? சரியாகப் பள்ளத்து விளிம்பில், அந்த ரோஜாச் செடிக்கு அடியில். பண்டிதர் இடம் காட்டினார், மேஸ்திரி தோண்டினார், செங்கல் வைத்துக் கட்டி, மேலே இரும்பு மூடி போட்டு, மஞ்சள் தடவிப் பொட்டும் வைத்தாயிற்று.

இதில் என் மனைவிக்கு வாஸ்துவை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் விவேக் நகரில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அத்தனை குடும்பத்துக்கும் ஒரே குழாய். அங்கே அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. ஒருமுறை அவள் குடத்தை ஒருத்தி காலால் தள்ளிவிட்டாள். இடுப்பில் அடிபட்டது குடத்துக்கு மட்டும் இல்லை. அதனால் புது வீட்டுக்கு வந்த அன்று அவள் பூஜை அறைக்கு முன்னால் சம்ப்பைத்தான் போய்ப் பார்த்தாள். மூடியைத் திறந்து, குனிந்து, தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். "இனிமே எவ குழாயிலயும் நான் குடம் வைக்க மாட்டேன்" என்றாள். நான் வாங்கிக் கொடுத்த நகைக்குக்கூட அந்த முகம் வந்ததில்லை.

அந்தச் சம்ப்பில்தான் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் வருகிற அன்று நிரம்பும்; மறுநாள் பார்த்தால் பாதி இருக்காது. பெங்களூரில் தண்ணீர் குறைந்தால் யாருக்கும் இரண்டு யோசனை வராது. மாடியில் குடியிருப்பவன்தான் திருடன். எங்கள் மாடியில் ஈரோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, சொந்தமாக ஒரு வாளியும் ஒரு சோப்புப் பெட்டியும் உண்டு. அவர் திருடுகிற தண்ணீரில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கழுவலாம் என்று என் மனைவி கணக்குச் சொன்னாள். நான் சம்ப் மூடிக்குப் பூட்டு வாங்கி வந்தேன். தண்ணீர் குறைந்தது. கள்ளச்சாவி என்று முடிவு செய்து லாரி கதவுக்குப் போடுகிற பெரிய பூட்டாக வாங்கினேன். அதற்கும் குறைந்தது. "சாஃப்ட்வேர் படிச்சவன், பூட்டெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமா?" என்றாள் மனைவி.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மே மாதத்து மழைகள் வந்தன, பின்பக்கம் சரிந்தது. விரிசல் சமையலறைச் சுவர் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது.

தெருவே வந்து யோசனை சொன்னது. ரிட்டயர்டான ஒரு ஆபீசர், விரிசலுக்குள் சிமென்டைக் கரைத்து ஊற்றச் சொன்னார். எதிர்வீட்டம்மா வெட்டிவேர் நடச் சொன்னார். மண்ணும் பிடிக்கும், வாசனைக்கும் ஆச்சாம். ஒரு கான்ட்ராக்டர் பத்து நிமிஷம் பீடி பிடித்துவிட்டு, "பத்தடிக்குக் கல்லு சுவர் ஒண்ணு ஏத்திடலாம், சாமி" என்றார். ஏற்றலாம்தான். நகர்கிற மண் மேல் சுவர் கட்டினால் சுவரும் கூடவே நகரும், அவ்வளவுதான். இது எனக்கே தெரியும். பள்ளமான ரோட்டில் புது டயர் போட்டால் ரோடு சரியாகிவிடுமா?

மாடிப் பையன்தான் தயங்கித் தயங்கி வந்தார். "சார், எங்க அக்கா கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் காலேஜ்ல இருக்குதுங்க. மண்ணைப் பத்தித்தான் பாடம் எடுக்குது. லீவுக்கு இங்க வருது, வந்து பாக்கச் சொல்லட்டுங்களா?"

மண்ணுக்கு ஒரு பாடம், அதற்கு ஒரு டீச்சர், அதற்குச் சம்பளம். நாடு எப்படி முன்னேறும் என்று நினைத்துக்கொண்டு, "வரட்டும், காசா பணமா" என்றேன்.

அந்த அம்மா வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் குவாரிக்குள் இறங்கினார். கீழே, சரிவின் அடியில், மண் தொந்தி மாதிரி தள்ளிக்கொண்டு நின்ற இடத்தைக் கையால் பிசைந்து பார்த்தார். மழை விட்டு வாரம் ஆகியும் அங்கே ஈரம் கசிந்துகொண்டிருந்தது. மேலே ஏறி வந்தவர் முதலில் கேட்டது, "ஏனுங் சார், சம்ப்புக்கு எதுக்குங்க இத்தாப் பெரிய பூட்டு?"

என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"என்னைப் பிடிக்கத்தான் அக்கா" என்றார் தம்பி.

அந்த அம்மா சிரிக்கவில்லை. சம்ப்பை நிரப்பச் சொல்லி, உள்ளே தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். வருகிற குழாய், போகிற மோட்டார் இரண்டையும் அடைத்தார். தம்பி அன்று சாயங்காலம் ஈரோட்டுக்கு பஸ் ஏறிவிட்டார், ஆக குற்றவாளி ஊரிலேயே இல்லை. விடிந்து மூடியைத் திறந்தால் தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பூட்டு மட்டும் அசையாமல் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

"வீட்டுக்குப் பின்னால கொட்டுன மண்ணு தளர்ந்த மண்ணுங்க. அதுக்கு நடுவுல சம்ப். அடியில விரிசல் விட்டு, தினமும் மண்ணுக்குத் தண்ணி ஊட்டுது. மழை அது பங்குக்கு மேல இருந்து ஊட்டுது. மண்ணு ஊறி, கனம் தாங்காம இறங்குது" என்றார் அந்த அம்மா. "முதல்ல தண்ணியை நிறுத்தோணும். சம்ப்பைக் காலி பண்ணி மூடோணும். விரிசல்ல களிமண்ணு அடைச்சு மேல தார்ப்பாய் போடோணும். அப்புறம் சரிவோட அடிவாரத்துல கனமா எதையாச்சும் வெக்கோணும், மேல இருந்து வர்ற மண்ணை அது முட்டுக் குடுக்கும். அதுக்குப் பின்னால தண்ணி வெளிய வர வழி."

"உள்ளே நல்லா சிமென்ட் பூசிட்டா போதாதாம்மா?" மனைவி கதவோரம் நின்று கேட்டாள்.

"கீழ மண்ணு நகருதுங்கம்மா. இன்னிக்குப் பூசுனா அடுத்த மாசம் மறுபடி பிளக்கும்."

அடிவாரத்தில் கனம் என்றதும் எனக்குள் விளக்கு எரிந்தது. என் பட்டறைக்குப் பின்னால் மொட்டை லாரி டயர் மலையாகக் கிடக்கிறது. நான் கைவைத்தும் தேறாத டயர்கள், அதாவது கடவுளாலும் முடியாதவை. "டயருக்குள்ள ஜல்லியும் மண்ணும் இடிச்சு நிரப்பி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா எப்படி?" என்றேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, அப்படிக் கட்டுவது உண்டு என்றார். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. என் தலைக்குள் புத்தகம் இல்லாமலே வந்தது. உடனே அவர், "ஆனா தண்ணியை விட்டுப்போட்டு டயரை அடுக்குனீங்கன்னா, டயரோட சேந்து நீங்களும் போவீங்க" என்று முடித்தார். பாராட்டை முழுசாகக் கொடுத்தால் டீச்சர்களுக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது.

போவதற்கு முன் சமையலறைச் சுவரில், விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் பூசினார். "இது உடைஞ்சா வீடு நகருதுன்னு அர்த்தம். அப்புறம் யாருகிட்டயும் யோசனை கேக்காதீங்க, சாமானை எடுத்துட்டு வெளிய வந்துருங்க."

அன்று சாயங்காலம் விரிசலை அடைத்தேன், லாரித் தார்ப்பாய் போட்டேன். சம்ப்பை மட்டும் என் மனைவி தொட விடவில்லை.

"ஈசான்யத்துல தண்ணியை எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது."

"ஈசான்யத்துல தண்ணியை விட்டா வீட்டுக்கு ஆகாது."

"உங்களுக்கு என்ன? பட்டறைக்குப் போயிடுவீங்க. நான் குடத்தைத் தூக்கிட்டு யார் வீட்டு வாசல்ல நிக்கறது?"

சம்ப்பை மூடிவிட்டு முன்வாசலில், தரைக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டாங்க் வைக்கலாம், ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆனால் முன்வாசல் தென்மேற்கு. தென்மேற்கில் தண்ணீர் வைப்பது வாஸ்துவில் தன் கையாலேயே தன் வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமமாம்.

பண்டிதர் மறுபடி அழைக்கப்பட்டார். என் டயர்த் திட்டத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். "ஈசான்யத்துல பாரம் ஆகாது. அதுவும் கருப்பு. அதுவும் டயர்! வண்டிக்குச் செருப்பு மாதிரிதானே அது? ஈசான்ய மூலையில செருப்பை அடுக்குவாங்களா?"

"சாமி, நான் அந்தச் செருப்பை ஒட்டித்தான் இந்த வீட்டைக் கட்டினேன்" என்றேன்.

"அதனாலதான் சரியுது" என்றார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை, அதை மறுக்க மாட்டேன்.

பரிகாரம் ஒன்று வைத்திருந்தார்: விரிசல் நெடுகச் சின்னச் சின்னச் செம்புக் கூம்புகளைப் புதைப்பது. அவை மண்ணைப் பிடித்து நிறுத்துமா என்று கேட்டேன். மண்ணை அல்ல, சக்தியைப் பிடிக்கும் என்றார். சக்தி எங்கேயும் ஓடவில்லை, மண்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

மனைவி வெளியே வந்தாள். உள்ளங்கையில் சட்னி ஈரம். அதன் மேல் இரண்டாக உடைந்த கண்ணாடிப் பட்டை. கத்தவில்லை, அழவில்லை. கூடத்து நடுவில் நின்று பண்டிதரிடம் கேட்டாள்: "சாமி, ஈசான்யம் தாழ்ந்தா நல்லதுன்னீங்க. இன்னும் எவ்ளோ தாழணும்?"

பண்டிதர் திசைகாட்டியைத் தேடினார்.

"அந்த மூலையே கீழ போயிட்டா, அப்புறம் எந்த இடத்தை ஈசான்யம்னு காட்டுவீங்க?"

"அம்மாவ்ரே, சாஸ்திரத்துல என்ன சொல்லியிருக்குன்னா…" பதற்றத்தில் அவருக்குக் கன்னடம் எட்டிப் பார்த்தது.

"காபி குடிச்சிட்டீங்கல்ல? வாங்க" என்றாள். 'போங்க' என்று சொல்லக் கூடாதே, அதனால் 'வாங்க' என்றாள். அவர் சரியாகப் புரிந்துகொண்டு போனார். செம்புக் கூம்புப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

என்னிடம் சாவி கேட்பாள், நான்தான் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துச் சாக்கடையில் விட வேண்டும் என்று எழுந்தேன். அவள் விடவில்லை. அன்று தெருவில் குழாய் வராத நாள். சாவியை வாங்கிக்கொண்டு அவளே போய்ப் பூட்டைக் கழற்றி மூடியைத் திறந்தாள். வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, அந்த வரிசை வீட்டில் சண்டை போட்ட அதே குரலில் கூப்பிட்டாள்: "தண்ணி வேணுங்கறவங்க குடம் எடுத்துட்டு வாங்க! சம்ப்பை மூடப் போறோம்!"

ஐந்து நிமிஷம் யாரும் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் என்ன நடக்கும் என்பது தெருவுக்குத் தெரியும். எதிர்வீட்டம்மா மட்டும் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்து, "நிஜமாவா?" என்று கேட்டார். அவ்வளவுதான், தெரு இறங்கிவிட்டது. குடம், பக்கெட், பால் கேன், குழந்தை குளிக்கிற டப். விளிம்பில் கூட்டம் ஏறக் கூடாது என்று நான் மோட்டாரிலிருந்து பைப்பை முன்வாசலுக்கு இழுத்துக் கொடுத்தேன். பைப் முனையை அவள்தான் பிடித்திருந்தாள். "ஏய், தள்ளாதே, எல்லாருக்கும் இருக்கு" என்று அதட்டி, ஒவ்வொரு குடத்தையும் கழுத்து வரைக்கும் நிரப்பினாள். அடித்தண்ணீர் வரும்வரை அவள் உட்காரவில்லை. யாராவது முகத்தைப் பார்த்தால் கீழே குனிந்து குடத்தைப் பார்த்துக்கொண்டாள். நானும் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு எப்போது பார்க்கக் கூடாது என்பதாவது தெரிய வேண்டும்.

அன்று முதல் வேலை முடியும்வரை, ஊரிலிருந்து திரும்பியிருந்த மாடிப் பையன் தன் முன்னறையை எங்களுக்கு விட்டுக் கொடுத்தார். அது வீட்டின் முன்பக்கத்துப் பாறை மேல் நிற்கிற பாகம். அந்த அம்மா போனிலேயே விசாரித்து, அங்கே மட்டும் இருக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். திருடன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய முதல் பூட்டுக்காரன் நான்தான் என்று நினைக்கிறேன். குழாய் வருகிற நாளில் அவர் வாளியிலும் எங்கள் குடங்களிலும் பிடித்து வைத்த தண்ணீரில்தான் குடித்தனம். மனைவி அவருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. குழம்பில் மீன் துண்டுகள் மட்டும் அவர் தட்டுக்கே போய்க்கொண்டிருந்தன.

வேலையை நான் நின்று செய்தேன். சம்ப்பின் சுவரை இடித்து, மண்ணடித்து மூடினோம். குவாரிக்குள் சரிவின் அடியில் நல்ல தரை வரும்வரை தோண்டி, கம்பி வலைக் கூண்டுகளில் கல் நிரப்பி வரிசையாக வைத்தோம். அதன் மேல் என் டயர்கள், படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மலையில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. ஒவ்வொரு டயருக்குள்ளும் ஜல்லி இடித்தோம். இடிக்காமல் விட்டால் உள்ளே கொசு குடித்தனம் நடத்தும், அது வாடகையும் தராது. பின்னால் ஜல்லி, மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடுகிற ஒரு துணி, அடியில் ஓட்டை போட்ட பைப்புகள். துணியும் பைப்பும் அந்த அம்மாவின் யோசனை. மற்றதெல்லாம் நான். பார்க்க வந்தவர்களுக்கு நான் அப்படித்தான் சொன்னேன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ரிட்டயர்டு ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, "லாரி ஸ்டாண்டு மாதிரி இருக்கு" என்றார். சிமென்டுக் கரைசல் ஊற்றியிருந்தால் சுடுகாடு மாதிரி இருந்திருக்கும் என்றேன்.

போனில் அந்த அம்மா ஒன்று மட்டும் எச்சரித்தார். பெரிய மழை பெய்தால் பைப்பில் வருகிற தண்ணீரைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கலங்கலாக வரும். விடாமல் கலங்கலாகவே வந்தால் உள்ளே மண் கரைந்து வெளியே வருகிறது, சுவர் நிற்காது. தெளிந்தால் பயமில்லை.

அந்தப் பெரிய மழை ஆயுத பூஜையை ஒட்டி வந்தது. மத்தியானம் வானம் இருட்டி, நாலு மணிக்குக் கொட்ட ஆரம்பித்து, குவாரிப் பள்ளம் முழுக்கப் புகை மாதிரி ஆகிவிட்டது. நான் பின்வாசலில் குடையோடு நின்றேன். பைப்புகள் முதலில் சும்மா இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இருமி, டீ நிறத்தில் தண்ணீரைத் துப்பின. டீ போகப் போகக் கெட்டியானது. சமையலறைச் சுவரில் புதிதாகப் பதித்திருந்த கண்ணாடிப் பட்டை மறுபடி உடைகிறதா என்று ஒரு காது அங்கே, ஒரு கண் இங்கே. என் டயர்கள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் குடைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். "எங்க போற, வழுக்கும்!" என்றேன். தலையில் ஒரு பிளாஸ்டிக் பை, கையில் ஒரு கண்ணாடி கிளாஸ். பக்கவாட்டுப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். பைப்புக்கு நேரே கிளாஸை நீட்டிப் பிடித்து, தூக்கிப் பார்த்தாள், கொட்டினாள். மறுபடி பிடித்தாள், கொட்டினாள். மழையில் அவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்கு மேலிருந்து தெரியவில்லை.

"என்னடி?" என்று கத்தினேன்.

கையால் 'இரு' என்றாள். இன்னொரு கிளாஸ் பிடித்தாள். இந்த முறை கொட்டவில்லை. கிளாஸுக்குப் பின்னால் தன் விரலை வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அப்படியே தூக்கி எனக்கும் காட்டினாள். அவ்வளவு தூரத்தில் எனக்கு எங்கே தெரியும்?

"விரல் தெரியுதுங்க" என்றாள்.

மேலே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கு அந்த டாங்க்கை வாங்கிட்டு வந்துடுங்க. முன்வாசல்லயே வைங்க. பெருசாப் பாத்து வாங்குங்க" என்றாள். சரி என்றேன். எவ்வளவு பெரிசு என்று நான் கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிசைத்தான் வாங்கினேன்.